சிபியின் தராசும் செல்லூர்ப் புறாக்களும்

மதுரையில் புறாத் தொல்லையைப் பற்றிப் பேச்செடுத்தால் அது இரண்டே திசைகளில்தான் போகும். "வாயில்லா ஜீவன், அது உங்களை என்ன செய்தது?" என்பது ஒன்று. "மருந்து வைத்துவிட்டால் தீர்ந்தது" என்பது மற்றொன்று. முதலாவதைச் சொல்பவர் பெரும்பாலும் தீனி போடுபவர். இரண்டாவதைச் சொல்பவர் அவருக்கு அடுத்த வீட்டுக்காரர். செல்லூரில் வாழும் நாம் இவ்விரு குரல்களையும் ஒரே தெருவில், சில வேளைகளில் ஒரே வீட்டிலேயே கேட்டு வருகிறோம். இரண்டுமே பிழையானவை என்பது நமது எண்ணம். முன்னது அறத்தின் பெயரால் செய்யப்படும் பிழை. பின்னது அறத்தைக் கைவிட்ட பிறகும் பயன் தராத பிழை.

இலக்கியம் பேசும் இடத்தில் புறா எச்சத்தைப் பற்றி என்ன கட்டுரை என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். புறாவுக்குத் தீனி போடுவது புண்ணியம் என்று வாதிடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் சிபிச் சக்கரவர்த்தியின் கதைதான். ஆகவே இவ்வழக்கு நம் எல்லைக்குள் வருவதே.

*

செல்லூரை அறியாதவர்களுக்கு ஒரு குறிப்பு. வைகையின் வடகரையில், பாடல் பெற்ற தலமான திருவாப்புடையார் கோயிலும், கண்மாயும், நெசவும் சேர்ந்து உருவாக்கிய ஊர் இது. இன்று மாநகரின் நெரிசல் மிகுந்த பகுதிகளுள் ஒன்று. கைத்தறியும் பின்னர் விசைத்தறியுமாக, தறிச்சத்தம் கேளாத தெருவே இல்லை என்றிருந்த காலம் உண்டு. நூல் விலைக்கும் கூலிக்கும் கட்டுபடியாகாமல் தறிகள் குறையக் குறையப் பூட்டிக் கிடக்கும் தறிக்கூடங்கள் பெருகின. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதைத் தாங்கும் இரும்புச் சட்டம், கண்ணாடி உடைந்த சன்னல், ஆள் நடமாட்டமின்மை. ஒரு புறாச் சோடிக்கு வேறென்ன வேண்டும்? அதே காலத்தில் ஓட்டு வீடுகள் இடிபட்டு இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகள் எழுந்தன. ஒவ்வொரு வீட்டிலும் சன்ஷேடு, ஏசியின் வெளிப்பெட்டி, குழாய்கள் இறங்கும் இருட்டுச் சந்து என்று புறாவுக்கான குடியிருப்புகளையும் சேர்த்தே கட்டினோம்.

விளைவுகளை இங்குள்ளோர் அறிவர். மொட்டைமாடியில் வற்றலும் வடகமும் உலர்த்த முடிவதில்லை. தண்ணீர்த் தொட்டியின் மூடி சற்றே விலகியிருந்தால் போதும், குடிநீர் கெட்டது. சாயமேற்றி உலர்த்திய நூலில் ஓர் எச்சம் விழுந்தால் அந்தப் பகுதி கழிவுக்குப் போகிறது. இவையெல்லாம் தொல்லை என்னும் வகையில் சேர்பவை, சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதது நுரையீரலைப் பற்றியது.

உலர்ந்த புறா எச்சத்தின் தூசியையும் இறகுத் துகளையும் நெடுங்காலம் சுவாசிப்பவர்களுள் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி ஏற்படுகிறது. மருத்துவர்கள் இதற்குப் பறவை வளர்ப்போர் நுரையீரல் நோய் என்றே பெயரிட்டிருக்கிறார்கள். நெடுநாள் கவனியாது விட்டால் நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும்; இறுகியது மீளாது. நுரையீரலின் உள்திசுவைத் தாக்கும் நோய்களுக்காக இந்தியாவில் 27 மருத்துவ மையங்களைச் சேர்ந்த 1,084 நோயாளிகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, அவர்களுள் ஏறத்தாழ 47 விழுக்காட்டினருக்கு இருந்தது இவ்வகை ஒவ்வாமை அழற்சியே என்று கண்டது. நியாயமாகச் சொல்வதெனில், அத்தனைக்கும் புறா காரணமன்று. ஏர்கூலரின் ஈரத்தில் வளரும் பூஞ்சைக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. எச்சத்தைக் கண்ட மாத்திரத்தில் எல்லோரும் நோயாளியாகிவிடுவதும் இல்லை. ஆனால் நாற்பது ஆண்டுகள் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து, முன்பே இளைத்துப்போன நெஞ்சோடு, சன்னலோரக் கட்டிலில் படுத்திருக்கும் முதிய நெசவாளிக்கு அச்சன்னலின் மேலுள்ள புறாக்கூடு வெறும் தொல்லையன்று.

*

புறா நமக்கு அந்நியப் பறவையுமன்று. நெடுநல்வாடை பாண்டியன் நெடுஞ்செழியனுக்குரிய பாட்டு என்பது மரபு. அதில் வாடைக்காலத்து மூதூரைக் காட்டும் நக்கீரர், வீட்டுப் புறாவை மறக்கவில்லை. செங்கால் சேவல், தன் பெடையோடு மன்றத்துக்குப் போய் இரை தேர்ந்து உண்ண மாட்டாமல், பகலோ இரவோ என்று தெரியாமல் மயங்கி, வீட்டின் தாங்குபலகையில் நின்று, ஒரு கால் கடுக்க மறுகால் மாற்றி வைக்கிறது. வகுப்பறையில் இப்பகுதியை நடத்தும்போது மாணவர்கள் உடனே புன்னகைப்பதைக் கண்டிருக்கிறோம். இன்று காலைதான் தம் வீட்டு சன்ஷேடில் அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

இந்தச் சித்திரத்தில் நாம் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு. புலவர் காட்டும் புறாவுக்கு இருப்பிடம் மனிதன் தந்தது; இரை அது தானே தேடிக்கொள்வது. குளிர் மிகுந்து வெளியே போக முடியாத ஒருநாள்தான் கவிதைக்கு உரிய செய்தியாகிறது. எல்லா நாளும் மன்றத்துக்குப் போய் மேய்ந்து வந்தது என்பது அதன் மறுபக்கம்.

மாடப்புறா என்னும் பெயரிலேயே கட்டடம் இருக்கிறது. கோயிற் கட்டடக் கலையில் சுவருக்கு மேலே வளைந்து தாழும் உறுப்பைத் தமிழில் கொடுங்கை என்போம். சிற்ப நூல்கள் அதைக் கபோதம் என்கின்றன. கபோதம் என்றால் வடமொழியில் புறா. மலைப்பாறையின் விளிம்புகளில் கூடு கட்டிய பறவைக்குக் கோபுரமும் கொடுங்கையும் இன்னொரு பாறையாகத் தெரிந்ததில் வியப்பில்லை. நம் பக்கத்தில் பாழுங்கிணற்றின் பக்கச் சுவர்ப் பொந்துகளிலும் அது வாழ்ந்தது. திருமலை நாயக்கர் மகாலின் பருத்த தூண்களுக்கு மேலே அது இன்றும் குடியிருக்கிறது. மனிதன் அதைப் பிடித்துப் பழக்கி, உணவுக்கும் தூதுக்கும் பந்தயத்துக்கும் வளர்த்து, வளர்த்ததில் தப்பியவை மீண்டும் நகரத்தில் பெருகின. நகரப் புறா என்பது முழுக் காட்டுப் பறவையுமன்று, முழு வளர்ப்புப் பறவையுமன்று. நம்மால் உருவாகி நம்மால் கைவிடப்பட்ட இனம். 'வந்தேறி' என்று அதை வைவதற்கு நமக்கு உரிமையில்லை.

பெருகுவதன் கணக்கு எளிது. ஒரு முறைக்குப் பெரும்பாலும் இரண்டு முட்டை. ஏறத்தாழ 18 நாள் அடைகாப்பு. பிற பறவைகளுட் பெரும்பாலானவை குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும் தேடி அலைய வேண்டும். ஆகவே பருவம் பார்த்துத்தான் இனப்பெருக்கம் செய்கின்றன. புறாவோ தன் தொண்டைப் பையில் சுரக்கும் பாலை ஊட்டுகிறது. தாய் மட்டுமன்றித் தந்தையும் ஊட்டுகிறது. தானியம் குறையாமல் கிடைத்தால் ஆண்டு முழுவதும் முட்டையிட அதற்குத் தடையில்லை. 'இந்தியப் பறவைகளின் நிலை 2023' என்னும் அறிக்கை, பல பறவையினங்கள் குறைந்துவரும் காலத்தில் பெருகிவரும் சிலவற்றுள் ஒன்றாக நகரப் புறாவைக் குறிப்பிடுகிறது. ஒரு தெருவில் எத்தனை புறா வாழும் என்பதை அத்தெருவில் கொட்டப்படும் தானியமே தீர்மானிக்கிறது.

*

இந்தக் கணக்கு புரிந்தால் மருந்து வைப்பதன் வீண்தன்மையும் புரியும். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் 1961 முதல் 1985 வரை ஏறத்தாழ 1,00,000 புறாக்களைக் கொன்றார்கள். நகரப் புறாக்களின் எண்ணிக்கை சுமார் 20,000 என்ற அளவிலேயே நின்றது. கொன்ற இடத்தை அடுத்த தலைமுறைக் குஞ்சுகள் நிரப்பின. தீனி அப்படியே இருந்ததல்லவா? 1988இல் வேறு வழிக்குப் போனார்கள். தீனி போடுவது புறாவுக்கே கேடு, நெரிசலும் நோயுமே அதன் பலன் என்று மக்களிடம் எடுத்துச் சொன்னார்கள். கண்காணிப்பில் சில புறாமாடங்களை அமைத்து, அங்கே முட்டைகளை அகற்றினார்கள். நான்கு ஆண்டுகளில் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. துப்பாக்கி கால் நூற்றாண்டில் சாதிக்காததைத் துண்டறிக்கை சாதித்தது.

நஞ்சு வைப்பவர் இன்னொன்றையும் எண்ண வேண்டும். நஞ்சுண்ட புறா, வைத்தவர் வீட்டு மாடியிலேயே விழுந்து சாவதில்லை. எவர் வீட்டுத் தொட்டியிலோ விழும். பூனையும் காகமும் பருந்தும் அதைத் தின்னும். சட்டமும் சும்மா இராது. 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் ஒருபுறமிருக்க, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு, விலங்கை நஞ்சிட்டுக் கொல்வதற்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமளிக்கிறது.

பிடித்துக்கொண்டுபோய் அழகர்கோயில் பக்கம் விட்டுவிடலாம் என்பார் சிலர். ஒடிசா காவல்துறை 1946இல் புறா அஞ்சல் பிரிவு ஒன்றைத் தொடங்கி, பெருவெள்ளத்திலும் 1999ஆம் ஆண்டுப் பெரும்புயலிலும் அதைப் பயன்படுத்தி, 2002இல்தான் நிறுத்தியது. அப்பிரிவு நடந்ததே எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு திரும்பும் இயல்பை நம்பித்தான். அவை பழக்கப்பட்ட தூதுப் புறாக்கள் என்பது உண்மையே. ஆனாலும் அழகர்கோயிலிலிருந்து செல்லூருக்குத் திரும்ப நகரப் புறாவுக்கும் பெரிய பயிற்சி வேண்டியதில்லை.

*

மறுதரப்புக்கு வருவோம். மும்பையில் புறாக்களுக்குத் தீனி போடுவதற்கென்றே கபூத்தர்கானா எனப்படும் இடங்கள் உண்டு. அவை 51 என்று 2025 ஜூலையில் மகாராஷ்டிரச் சட்டமேலவையில் அரசு கூறியது. மக்கள் உடல்நலம் கருதி அவற்றை மூடவும் முடிவு செய்தது. வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றம் சென்றது. தடையை மீறித் தீனி போடுவோர் மீது வழக்குப் பதியுமாறு நீதிமன்றம் பணித்தது. ஆகஸ்ட் 6 அன்று தாதரில் கபூத்தர்கானாவை மூடியிருந்த தார்ப்பாய்களைக் கூட்டம் ஒன்று கிழித்தெறிந்தது. அவர்களுள் சமணச் சமூகத்தினர் பலர். ஆகஸ்ட் 11 அன்று, உயர்நீதிமன்ற ஆணையில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்தது.

இதை ஒரு சமூகத்தின் பிடிவாதம் என்று மதுரைக்காரர்கள் எள்ளி நகையாடுவது முறையன்று. இவ்வூரைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமணத் துறவியர் படுத்த கற்படுக்கைகள் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கிடக்கின்றன. சிற்றுயிருக்கும் இரங்க வேண்டும் என்ற எண்ணம் நம் மொழிக்குள் வந்த வழிகளுள் அதுவும் ஒன்று. அங்கே கிழிந்தது தார்ப்பாய் மட்டுமென்றால் கவலையில்லை. ஒரு நல்ல எண்ணம், அதன் விளைவைப் பார்க்க மறுத்து, அடுத்தவர் மூச்சோடு மோதி நின்றது என்பதே கவலைக்குரியது. இலண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் 2003இலும், வெனிசின் புனித மார்க் சதுக்கத்தில் தீனி விற்பனைக்கு 2008இலும் தடை வந்தன. நம்மவர் பெருகி வாழும் சிங்கப்பூரில், 2020இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டப்படி புறாவுக்குத் தீனி போடுவது குற்றம். முதல் முறைக்கு 5,000 வெள்ளி வரையும், மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரையும் அபராதம் உண்டு. அவ்வூர்களிலெல்லாம் இரக்கம் வற்றிவிட்டது என்று எவரும் சொல்ல முடியாது.

இனி சிபி. பருந்துக்குத் தப்பி வந்து அடைக்கலம் புகுந்த புறாவுக்காகத் தன் தசையை அரிந்து தராசில் இட்டு, அதுவும் நிறை காணாமல் இறுதியில் தானே தட்டில் ஏறியவன். சோழர் தம் குலமுதல்வர்களுள் ஒருவனாக அவனைக் கொண்டாடினர். புறநானூறு அவனை நினைவுகூர்கிறது. சிலம்பிலோ, இதே மதுரையில், பாண்டியன் அவையில், தன் ஊரின் பெருமையைச் சொல்ல வந்த கண்ணகி முதலில் எடுத்துக்காட்டுவது அவனைத்தான். நீதி எதுவென்று ஓர் அரசனுக்கு உணர்த்த அவளுக்கு அந்தப் புறாக் கதை தேவைப்பட்டது.

கதையைச் சற்று நின்று படித்தால் இரண்டு செய்திகள் தெரியும். முதலாவது, சிபி பருந்தை விரட்டவில்லை. "இது என் இரை, பசியால் வாடுகிறேன்" என்ற அதன் முறையீட்டை அவன் நியாயமென்றே ஏற்றான். கொடியவன் ஒருவன், நல்லவன் ஒருவன் என்றிருந்தால் அங்கே தராசுக்கு வேலையில்லை. இரு பக்கமும் நியாயம் இருந்ததால்தான் தராசு வந்தது. இரண்டாவது, தட்டில் வைத்தது அவனுடைய தசை. அமைச்சனுடையதன்று, வாயிற்காவலனுடையதன்று, பக்கத்து வீட்டுக்காரனுடையதன்று. செல்லூரில் ஒரு மாடியில் கம்பு கொட்டப்படுகிறது. புண்ணியம் கொட்டியவர் கணக்கில் ஏறுகிறது. எச்சமும் இறகும் கூடும் நான்கு வீடு தள்ளி, மூச்சுக்குத் திணறும் ஒருவரின் சன்னலில் சேர்கின்றன. விலையைப் பிறர் தலையில் வைத்துவிட்டு அறத்தைத் தன் பேரில் எழுதிக்கொள்ளும் இதற்குச் சிபியைச் சாட்சிக்கு அழைப்பது அவனுக்குச் செய்யும் அவமரியாதை.

*

பிற உயிர்க்கு ஈவதில் நம் மரபுக்கு ஓர் அளவு இருந்தது. வாசலில் அரிசிமாக் கோலம் எறும்புக்கு. அது ஒரு கைப்பிடி. காக்கைக்கு வைக்கும் சோறு ஒரு கவளம். அந்தி விளக்குக்கு மாடக்குழி இருந்ததுபோல, ஈகைக்கும் ஒரு வீட்டளவு இருந்தது. அந்த அளவினால் எறும்பும் காக்கையும் வீட்டைச் சார்ந்து வாழும் நிலைக்கு வரவில்லை. இன்று பரிகாரமாகச் சிப்பம் சிப்பமாகக் கம்பும் சோளமும் வந்து இறங்குகின்றன. நெடுநல்வாடைப் புறா மன்றத்தில் தேர்ந்து உண்டது. நம் தெருப் புறா மணி பார்த்து வந்து நிற்கிறது.

ஆயினும் தீனி போடுபவரைப் பகைவராக்குவது எளிது, தவறும்கூட. நாம் கண்ட வரையில் அவர்களுள் பலர் முதியவர்கள், தனித்திருப்பவர்கள். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, விடியலில் இவர்களை எதிர்பார்த்து வரும் உயிர் இந்தப் புறாக்கூட்டம் ஒன்றுதான். "நிறுத்துங்கள்" என்று கதவைத் தட்டும் அண்டை வீட்டார், அதற்கு முன் எத்தனை முறை "சாப்பிட்டீர்களா?" என்று கேட்கக் கதவைத் தட்டினார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தீனியை நிறுத்தச் சொல்லும் உரிமை, அந்த வெறுமையில் கொஞ்சத்தைப் பகிர்ந்துகொள்ளும் பொறுப்போடு சேர்த்தே வருகிறது.

செய்யத்தக்கவை எவை? தீனியை ஒரே நாளில் வெட்டாமல், சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது முதலாவது. கோடையில் மரத்தடியில் ஒரு மண்சட்டித் தண்ணீர் வைப்பதை எவரும் தடுக்க வேண்டியதில்லை. தெருவோரத்தில் கொட்டப்படும் எச்சில் சோறும் தீனிதான். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அடுத்தது, இருப்பிடத்தை அடைப்பது. இரண்டு அங்குலக் கண்ணுள்ள வலையைத் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டினால் புறா நுழையாது. தொய்வாகக் கட்டினால் சிக்கித் தலைகீழாகத் தொங்கிச் சாகும். கட்டுமுன் உள்ளே முட்டையோ குஞ்சோ இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். இருந்தால் குஞ்சு பறக்கும்வரை பொறுத்திருக்கலாம். சன்ஷேடின் மேலும் வெளிப்பெட்டியின் மேலும் பலகையையோ தகட்டையோ நன்றாகச் சாய்த்துப் பொருத்தினால் அமர இடமிராது. தொங்கவிட்ட குறுந்தகடும் பிளாஸ்டிக் ஆந்தையும் சில நாள் வேடிக்கைதான். பழகியபின் ஆந்தையின் தலைமேலேயே புறா அமரும். சேர்ந்த எச்சத்தை உலர்ந்தபடி பெருக்கக் கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு அள்ள வேண்டும். இளைப்பு உள்ளவர்கள் இந்த வேலைக்குப் போகவே வேண்டாம்.

இவற்றுள் எதையும் ஒரு வீடு தனித்துச் செய்து பயனில்லை. ஒருவர் வலை கட்டினால் புறா அடுத்த வீட்டுக்குப் போகும், அவ்வளவே. பூட்டிக்கிடக்கும் தறிக்கூடங்களின் உரிமையாளர்கள் உடைந்த சன்னல்களை அடைக்க வேண்டும். அவர்களைத் தேடிப்பிடித்துப் பேச ஒரு தெருச் சங்கத்தால்தான் முடியும். மாநகராட்சியிடமும் கேட்க ஒன்று உண்டு. மும்பையைப் போல வழக்கும் தார்ப்பாயும் வரும்வரை காத்திராமல், மகாலிலும் கோயில்களைச் சுற்றியும் குடியிருப்புகளிலும் எங்கே தீனி கூடாது என்பதைத் தெளிவாக அறிவிக்கட்டும். ஓரிரண்டு இடங்களில் பாசெல் நகரத்தைப் போன்ற புறாமாடங்களை அமைத்து முட்டைகளைக் கட்டுப்படுத்திப் பார்க்கட்டும். 2024 அக்டோபர் மழையில் வீடுகளுக்குள் கண்மாய் நீர் புகுந்த செல்லூருக்கு இதைவிடப் பெரிய கவலைகள் உண்டு என்பது தெரியும். அந்த வெள்ளம் தணிந்ததும் மாடிக்கு ஏறிய முதியவரைக் கேட்டால், அவருக்கு எது பெரிது என்பதை அவர் சொல்வார்.

புறா இல்லாத மதுரையை நாம் விரும்பவில்லை. கொடுங்கையில் நாலைந்து புறா இல்லாத கோபுரம் நமக்கே வெறிச்சென்றிருக்கும். தெருவுக்கு நாலைந்தாக இருந்தவை நானூறாக ஆனது புறாவின் குற்றமில்லை. அதைக் குறைக்க ஒரு புறாவையும் கொல்ல வேண்டியதில்லை. மாடியில் கம்பு கொட்டுபவரும் மருந்து தேடுபவரும் ஒருநாள் மாலை ஒரே திண்ணையில் உட்கார வேண்டும். அந்த மூச்சிரைக்கும் நெசவாளியையும் கைத்தாங்கலாக அழைத்துவந்து நடுவில் அமர்த்திப் பேச்சைத் தொடங்கலாம்.